கறிவேப்பிலைக்கே முதலிடம்

மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் இயற்கை விளைபொருள் அங்காடிக்குள் நுழைந்து விலைப்பலகையை அண்ணாந்து பார்க்கும்போது, அவர்களுடைய மனத்தில் இரண்டு அச்சங்கள் ஒரே சமயத்தில் எழுகின்றன: சந்தைக் காய்கறியை வாங்கினால் பூச்சிமருந்து வயிற்றுக்குள் போய்விடுமோ என்பது ஒன்று, இங்கே வாங்கினால் பத்தாம் தேதிக்குள் பணப்பை காலியாகிவிடுமோ என்பது மற்றொன்று. இந்த இரண்டு அச்சங்களுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டவர்களுள் சிலர், இனிமேல் எல்லாவற்றையும் இயற்கை விளைபொருளாகவே வாங்குவது என்று சங்கற்பம் செய்துகொண்டு, இரண்டே மாதத்தில் அதைக் கைவிடுகிறார்கள். வேறு சிலர், உலகமே விஷமயமாகிவிட்ட பிறகு நாம் மட்டும் தப்புவது எப்படி என்று வேதாந்தம் பேசி, கண்ணில் பட்டதை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். இந்த இரு சாராரும் மறந்துவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. எல்லாக் காய்க்கும் மருந்து ஒரே அளவில் அடிக்கப்படுவதில்லை. அடித்த மருந்து எல்லாக் காயிலும் ஒரே விதமாகத் தங்குவதும் இல்லை. ஆகவே, கையில் மிஞ்சுகிற கொஞ்சப் பணத்தை எந்தக் காய்க்கு முதலில் செலவிடுவது என்று தராதரம் பார்ப்பதுதான் சாமானியக் குடும்பத்துக்கு ஏற்ற விவேகம்.

அமெரிக்கர் வகுத்த பட்டியல்

இப்படித் தராதரம் பார்த்துப் பட்டியலே போட்டுக் கொடுக்கிற வழக்கம் அமெரிக்காவில் நெடுநாளாக இருந்து வருகிறது. 1993-இல் தொடங்கப்பட்டு வாஷிங்டனைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் என்விரான்மென்டல் ஒர்க்கிங் குரூப் என்னும் ஸ்தாபனம், மருந்தின் எச்சம் மிகுந்திருக்கும் பன்னிரண்டு விளைபொருள்களை ஒரு வரிசையிலும், எச்சம் மிகக் குறைந்திருக்கும் பதினைந்தை மற்றொரு வரிசையிலும் நிறுத்தி ஆண்டுதோறும் வெளியிடுகிறது. ஸ்ட்ராபெரி, பசலைக்கீரை, திராட்சை, ஆப்பிள் ஆகியவை முதல் வரிசையில் அடிக்கடி காணப்படும் பெயர்கள். அன்னாசி, பப்பாளி, வெங்காயம், அவகேடோ ஆகியவை இரண்டாவது வரிசைக்கு உரியவை. இதற்கு ஆதாரமான புள்ளிவிவரங்கள் அந்த ஸ்தாபனத்தின் கற்பனை அல்ல. அமெரிக்க விவசாயத் துறை 1991 முதல் நடத்திவரும் பரிசோதனைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்தப் பரிசோதனையில் பழத்தையும் காயையும், ஓர் இல்லத்தரசி செய்வதைப் போலவே கழுவியோ தோலை நீக்கியோ எடுத்துக்கொண்ட பின்னரே சோதிக்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. கழுவிய பிறகும் நீங்காமல் நிற்பதைத்தான் அவர்கள் எண்ணுகிறார்கள்.

ஆனால், எத்தனை மருந்துகளின் சுவடு ஒரு பழத்தில் தென்படுகிறது என்று எண்ணுவது ஒன்று. அந்தச் சுவடு மனிதனுக்குத் தீங்கு செய்யுமா என்று நிர்ணயிப்பது மற்றொன்று. டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் விண்டர், ஜோஷ் காட்ஸ் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 2011-இல் இந்தப் பட்டியலைத் துருவி ஆராய்ந்தார்கள். பன்னிரண்டு விளைபொருள்களிலும் மிகுதியாகக் காணப்படும் மருந்துகளை எடுத்துக்கொண்டு, அமெரிக்க மக்கள் அவற்றை அன்றாடம் எவ்வளவு உட்கொள்ளுகிறார்கள் என்று 120 கணக்குகள் போட்டுப் பார்த்தபோது, ஆயுள் முழுவதும் உண்டாலும் தீங்கில்லை என்று வகுக்கப்பட்ட அளவில் நூற்றில் ஒரு பங்கைத் தாண்டியது ஒரே ஒரு கணக்குத்தான் என்று கண்டார்கள். இந்தப் பன்னிரண்டுக்குப் பதிலாக இயற்கை விளைபொருளை வாங்குவதால் குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் விளையாது என்பது அவர்களுடைய முடிவு.

இரு கட்சியாரின் வாதத்தையும் கேட்ட பிறகு நமக்குத் தோன்றுவது இதுதான்: அந்தப் பட்டியலிலிருந்து நாம் கற்க வேண்டியது பெயர்களை அல்ல, தராதரம் பார்க்கும் முறையை. அந்நாட்டு வயலும் வேறு, அங்கே மருந்து விற்பனையைக் கண்காணிக்கும் முறையும் வேறு, அவர்களுடைய அடுக்களையும் வேறு. ஆண்டுக்கு ஒரு முறை உதகமண்டலம் போகும்போது வாங்குகிற ஸ்ட்ராபெரியைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு, நாள்தோறும் தாளிதத்தில் விழுகிற கறிவேப்பிலையைப் பற்றி எண்ணாமலிருப்பது, அந்நியர் எழுதிய பட்டியலை அப்படியே ஒப்புக்கொள்வதால் வருகிற விபரீதம்.

மருந்து தங்கும் விதம்

வயலில் அடிக்கப்படும் மருந்துகளைப் பொதுவாக இரண்டு இனமாகப் பிரிக்கலாம். ஒன்று, இலையின் மேலும் காயின் மேலும் படிந்து நின்று, தன்னைத் தொட்ட பூச்சியையும் தின்ற பூச்சியையும் கொல்லுவது. இதன் பெரும்பகுதி மேற்பரப்பிலேயே இருப்பதால், மழைக்கும் வெயிலுக்கும் குழாய்த் தண்ணீருக்கும் ஓரளவு கரைந்து போகும். மற்றொன்று, வேளாண் துறையினர் ஊடுருவிப் பாயும் மருந்து என்று குறிப்பிடுவது; இது இலை வழியாகவோ வேர் வழியாகவோ செடிக்குள் புகுந்து, சாற்றோடு சாறாக ஓடி, சாறு உறிஞ்சும் பூச்சிகளை அழிக்கிறது. இமிடாகுளோபிரிட், அசிபேட், டைமெத்தோயேட் ஆகியவை இந்த இனத்தைச் சேர்ந்தவை. தோலைக் கடந்து சதைக்குள் போய்விட்ட இந்த மருந்தை, எந்தக் கழுவலாலும் முழுவதும் அகற்ற முடியாது.

இந்த உண்மையை அறிந்தே, ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு பயிருக்கும் காத்திருப்புக் காலம் என்று ஒரு கெடு விதிக்கப்பட்டிருக்கிறது. கடைசியாக மருந்து அடித்த நாளுக்கும் காயைப் பறிக்கும் நாளுக்கும் இடையே இத்தனை நாள் கழிய வேண்டும் என்பது அதன் பொருள். சிலவற்றுக்கு 3 நாள் போதும், சிலவற்றுக்கு இரண்டு வாரத்துக்கு மேலும் வேண்டும். அந்தக் கெடுவை மதித்துப் பறித்த காயில், வெயிலாலும் செடியின் வளர்ச்சியாலும் மருந்து சிதைந்து, உணவுப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவுக்குள் வந்து நிற்கும். கெடுவை மீறினாலோ, அந்தப் பயிருக்கு அனுமதிக்கப்படாத மருந்தை அடித்தாலோ, கணக்கெல்லாம் பிறழ்ந்துவிடும்.

நம் நாட்டில் நிலைமை எப்படி இருக்கிறது என்பதற்கு மத்திய விவசாய அமைச்சகத்தின் கண்காணிப்புத் திட்டமே சாட்சி சொல்லுகிறது. 2014-15-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் திரட்டிய 20,618 மாதிரிகளுள், 18.7 விழுக்காட்டில் மருந்தின் எச்சம் தென்பட்டது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவைத் தாண்டியவை 2.6 விழுக்காடு. எல்லாக் காயும் விஷம் என்று அலறுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது எண் ஆறுதல் அளிக்க வேண்டும். ஆனால் அதே ஆய்வில், 12.5 விழுக்காட்டு மாதிரிகளில் அந்தப் பயிருக்கு அனுமதியே இல்லாத மருந்துகள் காணப்பட்டன என்பதையும் சேர்த்துப் படிக்கும்போது, ஆறுதலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பது விளங்கும். காய்கறிகளில் உபயோகிக்கக் கூடாது என்று 2005-இல் தடுக்கப்பட்ட மோனோகுரோட்டோபாஸ் போன்ற மருந்து, அதன் பிறகும் பருத்திக்கென்று கடையில் விற்கப்பட்டுவந்த காலத்தில், பக்கத்துக் கத்தரித் தோட்டத்துக்கும் அது போய்ச் சேருவதைத் தடுக்கிற வேலி எங்கே இருந்தது?

மூன்று கேள்விகள்

இவ்வளவையும் மனத்தில் கொண்டு சந்தைக்குப் போகிறவர், எந்தக் காயின் முன்னால் நின்றாலும் தமக்குத் தாமே மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். நாம் உண்ணுகிற பாகத்தின் மேலேயே மருந்து நேராகப் படிகிறதா, அல்லது தடித்த தோலோ ஓடோ மண்ணோ அதை மறைத்துக் காக்கிறதா? அந்தப் பயிரை எத்தனை நாளுக்கு ஒரு முறை பறிக்கிறார்கள்? நம் வீட்டில் அது எவ்வளவு அடிக்கடி, பச்சையாகவோ வேகவைத்தோ, இலைக்கு வருகிறது? இந்த மூன்றுக்கும் கிடைக்கிற பதில்கள் ஒரே திசையைக் காட்டுமானால், அங்கேதான் நம் பணம் பயனுள்ள விதத்தில் செலவாகும்.

இந்த மூன்றனுள் இரண்டாவது கேள்வியைத்தான் எவரும் கேட்பதில்லை. ஆனால் அதுவே மிக முக்கியமானது. வெண்டையை எடுத்துக்கொள்வோம். ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் காய் முற்றிப்போகும். முற்றிய காயை ஒடித்துப் பார்த்து ஒதுக்கிவிட நம் வீட்டுப் பெண்மணிகளுக்குத் தெரியும். தத்துப்பூச்சியும் வெள்ளை ஈயும் காய்ப்புழுவும் மாறி மாறித் தாக்கும் அந்தப் பயிருக்கு, மருந்து அடிக்காமலிருந்தால் விளைச்சல் போய்விடும். அடித்த பிறகு ஐந்து நாள் காத்திருந்தால் இரண்டு பறிப்பு முற்றிப் பாழாகும். இந்தத் தர்மசங்கடத்தில் விவசாயி எந்தப் பக்கம் சாய்வார் என்பதை ஊகிக்க அதிகப் புத்தி வேண்டியதில்லை. அவரைக் குறை கூறவும் நமக்கு நியாயமில்லை. ஏனெனில் வளைந்த காயையும் புள்ளி விழுந்த காயையும் தொடாமல் போகிறவர்கள் நாம்தாம்.

கத்தரியின் கதையும் அதுவே. தண்டையும் காயையும் துளைக்கிற புழு, பிஞ்சுக்குள் புகுந்துவிட்டால் வெளியே தெரியாது. ஆகவே புகுவதற்கு முன்பே கொல்ல வேண்டும் என்று திரும்பத் திரும்ப மருந்து அடிக்கிறார்கள். அந்தப் புழுவின் கொடுமைக்காகவே மரபணு மாற்றிய கத்தரியைக் கொண்டுவர முயன்று, நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் 2010-இல் மத்திய சர்க்கார் அதை நிறுத்தி வைத்தது என்பதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காலிபிளவருக்கு வைரமுதுகுப் பூச்சி. அதன் பூவின் இடுக்குகளிலோ, தண்ணீரும் எளிதில் புகாது. பச்சை மிளகாய்க்கு இலைப்பேன். காம்பைக் கிள்ளிவிட்டு அப்படியே சட்னியில் அரைக்கிறோம். திராட்சைக்குக் கம்பம் பள்ளத்தாக்கிலும் சரி, மகாராஷ்டிரத்திலும் சரி, அடிச்சாம்பல் நோயும் சாம்பல் நோயும் தீராத பகை. பூஞ்சண மருந்தும் வளர்ச்சியூக்கியும் மாறி மாறிக் குலைமேல் விழுகின்றன, தோலோடு நாம் உண்ணுகிறோம். குளோர்மெக்குவாட் என்னும் வளர்ச்சியூக்கியின் எச்சத்தைக் காட்டி, 2010-இல் ஐரோப்பிய நாடுகள் இந்தியத் திராட்சையைத் திருப்பி அனுப்பிய செய்தி அந்நாளில் பெரிதாகப் பேசப்பட்டது.

இவை யாவற்றையும்விட, நம் நாட்டு அடுக்களையில் முதலிடம் பெற வேண்டியது, காய்க்கடைக்காரர் கொசுறாகப் போட்டுக் கொடுக்கிற கறிவேப்பிலையும் கொத்தமல்லியுமே என்பது என் அபிப்பிராயம். காரமடைப் பக்கத்தில் ஏக்கர் ஏக்கராகப் பயிராகும் செங்காம்புக் கறிவேப்பிலையில், விற்பனைக்குரிய சரக்கு இலைதான். இலையில் ஒரு புள்ளி விழுந்தாலும் ஒரு பூச்சி கடித்தாலும் விலை இறங்கும். ஆகவே மருந்து விழுவதும் இலையின் மேலேயே. மெல்லியதாகவும் பரந்ததாகவும் இருக்கிற இலையில், எடைக்கு எடை பார்த்தால், உருண்டு திரண்ட காயைவிட மருந்து படிவதற்கு இடம் அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் இந்தியாவிலிருந்து வரும் கறிவேப்பிலையையும் வெண்டைக்காயையும், மருந்து எச்சத்துக்காகத் துறைமுகத்திலேயே கூடுதலாகச் சோதிக்க வேண்டிய பண்டங்களின் பட்டியலில் சேர்த்தது. கேரளத்தில் வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரியின் ஆய்வுக்கூடம், தன் நாட்டுச் சந்தைகளில் விற்கும் காய்கறிகளைச் சோதித்து வெளியிடும் அறிக்கைகளிலும், கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய் ஆகிய பெயர்கள் அடிக்கடி தலைகாட்டுகின்றன. அந்தச் சந்தைகளுக்குப் போகிற சரக்கில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து போவது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கறிவேப்பிலையைத் தின்னாமல் எடுத்து எறிந்துவிடுகிறோமே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். எறிவது இலையைத்தான், கொதிக்கும் எண்ணெயிலும் ரசத்திலும் இறங்கியதை எறிய முடியாது. கொத்தமல்லியையும் புதினாவையுமோ பச்சையாகவே அரைத்து உண்ணுகிறோம். இவற்றில் ஒரு சௌகரியமும் உண்டு: இயற்கை அங்காடியில் ஒரு கட்டின் விலை இரட்டிப்பாக இருந்தாலும், மாதம் முழுவதற்கும் கூடுகிற செலவு சொற்பம், மொட்டைமாடியில் ஒரு தொட்டி வைக்க இடமிருந்தால் அந்தச் செலவும் இல்லை. முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை போன்ற கீரைகளையும் இந்த வரிசையிலேயே சேர்க்க வேண்டும். இலையே உணவாக இருக்கிற எதுவும் நம் முதற்கேள்விக்குச் சாதகமான பதிலைச் சொல்லாது.

கவலையின்றி வாங்கத் தக்கவை

மறுபக்கத்தில், இயற்கை விளைபொருள் என்பதற்காக இரட்டை விலை கொடுப்பது பெரும்பாலும் அநாவசியம் என்று சொல்லத்தக்க பண்டங்களும் நம் சந்தையில் ஏராளம். தேங்காய்க்கு மட்டையும் ஓடும் காவல், பலாவுக்கு முள்தோல், வாழைப்பூவுக்கு மடல் மேல் மடல், வாழைத்தண்டுக்கு அடுக்கடுக்கான பட்டை. சேனை, கருணை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி ஆகியவை மண்ணுக்குள் விளைந்து, தோல் சீவியபின் அடுக்களைக்கு வருகின்றன. பூசணி, பரங்கி, சுரை ஆகியவற்றைத் தோல் நீக்கி வேகவைத்தே உண்ணுகிறோம். வெங்காயத்துக்கு உரிக்க உரிக்கத் தோல். வீட்டுக் கொல்லையிலும் வரப்போரத்திலும் தானாக வளர்ந்து, எவரும் மருந்து தெளிக்க மெனக்கெடாத முருங்கை, அகத்தி, பொன்னாங்கண்ணி, சுண்டைக்காய், நெல்லி ஆகியவை, எந்த முத்திரையும் இல்லாமலே இயற்கை விளைபொருளாக இருக்கக்கூடியவை. ஆனால் இவற்றையும் பெருந்தோட்டமாகப் பயிரிடுகிற இடங்களில் நிலைமை வேறாக இருக்கும் என்பதால், விற்கிறவரிடம் எங்கே விளைந்தது என்று விசாரிப்பது நல்லது.

தக்காளி, அவரை, புடலை, பாகல், முட்டைக்கோஸ், ஆப்பிள் முதலியவை இந்த இரண்டு வரிசைக்கும் நடுவில் நிற்பவை. முட்டைக்கோஸின் மேலிலைகள் இரண்டு மூன்றை உரித்து எறிவதும், ஆப்பிளின் தோலைச் சீவுவதும், எச்சத்தைக் கணிசமாகக் குறைக்கும்.

முத்திரையும் அதன் பொருளும்

இயற்கை விளைபொருள் என்று எழுதி ஒட்டியிருப்பதெல்லாம் இயற்கை விளைபொருள் ஆகிவிடாது. ஏற்றுமதியை முன்னிட்டு, 2001-இல் மத்திய வர்த்தக அமைச்சகம் அங்கக உற்பத்திக்கான தேசியத் திட்டத்தை வகுத்து விதிகளை ஏற்படுத்தியது. அந்த விதிகளின்படி, ரசாயன உரத்தையும் மருந்தையும் நிறுத்திய நிலம் உடனே தூய்மை பெற்றதாகக் கருதப்படுவதில்லை. ஓராண்டுப் பயிர்களுக்கு 2 ஆண்டும், மா, தென்னை போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு 3 ஆண்டும் மாறுதல் காலமாகக் கழிய வேண்டும். தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை இந்தச் சான்றை வழங்குகிறது. சிறு விவசாயிகளுக்கு இந்தச் செலவும் எழுத்து வேலையும் கட்டுப்படியாகா என்பதால், ஒரே ஊரைச் சேர்ந்த ஐந்து பேருக்குக் குறையாத விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் பார்வையிட்டு உறுதி கூறும் பி.ஜி.எஸ். முறையும் ஏற்கப்பட்டிருக்கிறது. இவ்விரண்டில் ஒன்று இருந்தால்தான் இயற்கை விளைபொருள் என்று பெயரிட்டு விற்கலாம் என்பது 2017-இல் வந்த சட்டவிதி. அப்படி விற்கும் பொட்டலத்தின்மேல் ஜைவிக் பாரத் என்னும் முத்திரை இருக்கும். விளைவித்தவரே நேரில் வந்து விற்கிறபோது மட்டும் சான்று கட்டாயமில்லை.

முத்திரை பெற்ற காயிலும் மருந்தே தெளிக்கப்படுவதில்லை என்று எண்ணுவது தவறு. வேப்பங்கொட்டைச் சாறு, ஐந்திலைக் கரைசல், இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல், இனக்கவர்ச்சிப் பொறி ஆகியவற்றோடு, கந்தகமும் தாமிரம் கலந்த போர்டோ கலவையும் வரம்புக்கு உட்பட்டு அங்கக விவசாயத்தில் அனுமதிக்கப்பட்டவையே. விலக்கப்பட்டிருப்பது செயற்கை ரசாயனம். அதே போல, பழத்தைக் கார்பைடு கல்லால் பழுக்கவைப்பது விளைந்த பிறகு நடக்கிற வேறொரு மோசடி. அதைச் சட்டம் முற்றிலும் தடுத்திருக்கிறது. அளவோடு எத்திலீன் வாயுவைப் பயன்படுத்துவதற்கு மட்டும் அனுமதி உண்டு. மாம்பழத்தில் நாம் முதலில் விசாரிக்க வேண்டியது, விளைந்த விதத்தைவிடப் பழுத்த விதத்தையே.

கழுவுவதால் ஆவது என்ன?

இயற்கை விளைபொருள் கிடைக்காத இடத்தில், அல்லது கட்டுப்படியாகாத வீட்டில், தண்ணீரே முதல் துணை. பாத்திரத்தில் தேங்கிய நீரில் முக்கி எடுப்பதைவிட, ஓடுகிற நீரில் கையால் தேய்த்துக் கழுவுவது மேல். சோப்பு கூடாது, அதன் எச்சமும் உணவோடு சேரும். 2 விழுக்காட்டு உப்புநீரில், அதாவது ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் உப்புப் போட்டு, சிறிது நேரம் ஊறவைத்துப் பின்னர் நல்ல நீரில் அலசுவது நம் நாட்டில் பரவலாகச் சொல்லப்படுகிற வழி. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் புளிக்கரைசலில் ஊறவைக்கும்படியும் யோசனை கூறியிருக்கிறார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2017-இல் ஆப்பிளின்மேல் இரண்டு மருந்துகளைப் பூசிச் சோதித்தபோது, ஆப்பசோடாக் கரைசல் சாதாரணத் தண்ணீரைவிட நன்றாக வேலை செய்தது. ஒரு மருந்தை மேற்பரப்பிலிருந்து முழுவதும் அகற்ற 12 நிமிஷமும் மற்றொன்றை அகற்ற 15 நிமிஷமும் பிடித்தன. ஆனால் முதல் மருந்தில் ஐந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே தோலுக்குள் இறங்கிவிட்டிருந்தது. அதைக் கரைசல் தொடவில்லை. மேலே படிந்ததைக் கழுவலாம், உள்ளே புகுந்ததைக் கழுவ முடியாது என்ற உண்மைக்கு இதைவிடத் தெளிவான பிரமாணம் வேண்டாம்.

தேகத்துக்கு என்ன லாபம்?

இயற்கை விளைபொருளில் சத்து அதிகம் என்று விற்கிறவர்கள் சொல்லுவதை எவ்வளவு நம்பலாம்? அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2012-இல், அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து, சத்தில் குறிப்பிடத்தக்க பேதம் இல்லை, மருந்தின் எச்சம் மட்டும் குறைவு என்றார்கள். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் 2014-இல், 343 ஆராய்ச்சிக் கட்டுரைகளை ஒப்பிட்டு, இயற்கை விளைபொருளில் சில நற்பொருள்கள் அதிகம், காட்மியம் என்னும் உலோகம் குறைவு, மருந்தின் எச்சம் தென்படுவதோ மற்றவற்றில் நான்கு மடங்கு அதிகம் என்றார்கள். சத்தைப் பற்றிப் பண்டிதர்கள் முரண்பட்டாலும், எச்சத்தைப் பற்றி இரு சாராரும் ஒருமுகமாகச் சொல்லுகிறார்கள். ஆதலால், கூடுதல் விலை கொடுக்கிறவர் எச்சத்தைக் குறைப்பதற்காகக் கொடுக்கலாமே ஒழிய, சத்துக்காகக் கொடுக்க வேண்டியதில்லை.

அந்தக் குறைவு உடம்பிலும் பிரதிபலிக்கும் என்பதற்குச் சியாட்டில் நகரத்து ஆராய்ச்சி ஒன்று உதாரணம். 2006-இல் வெளியான அந்த ஆராய்ச்சியில், 23 குழந்தைகளுக்கு ஐந்து நாள் மட்டும் இயற்கை விளைபொருளால் ஆன உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய சிறுநீரில் காணப்பட்ட மாலத்தியான், குளோர்பைரிபாஸ் ஆகியவற்றின் சுவடுகள் உடனே கண்டறிய இயலாத அளவுக்கு இறங்கின. பழைய உணவுக்குத் திரும்பியதும் அவை மறுபடி தோன்றின. நோய் தீர்ந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. உணவே அந்தச் சுவடுகளின் முக்கியமான வழி என்பதே பொருள். உடல் எடைக்கு ஒப்பிட்டால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் அதிகம் உண்ணுகிறார்கள். அவர்களுடைய மூளையும் நரம்பும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. இதைச் சுட்டிக்காட்டி 1993-இல் வெளிவந்த அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுவின் அறிக்கையின் பயனாகவே, 1996-இல் அந்நாட்டுச் சட்டம் குழந்தைகளை உத்தேசித்துத் திருத்தப்பட்டது. எனவே கருவுற்ற பெண்ணோ கைக்குழந்தையோ இருக்கிற வீட்டில், முன் சொன்ன முதல் வரிசையின்மேல் கொஞ்சம் தாராளமாகவே செலவிடலாம்.

உண்ணுகிறவரைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசினோம், தெளிக்கிறவரை மறக்கலாகாது. கைத்தெளிப்பானை முதுகில் சுமந்து, முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, காற்றுக்கு எதிரே நடக்கிற கூலியாளின் தேகத்தில் ஒரே காலைப்பொழுதில் படிகிற மருந்துக்கு முன், நாம் ஆண்டு முழுவதும் காய்கறியோடு உண்ணுகிற சுவடு ஒன்றுமே இல்லை. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்து தெளித்தவர்களுள் இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் பார்த்துவந்த உத்தியோகத்தை 1969-இல் உதறிவிட்டு, 2013-இல் மறையும் வரையில் ஊர் ஊராக நடந்து இயற்கை விவசாயத்தைப் போதித்த நம்மாழ்வாரும், நுகர்வோரின் நலத்தோடு நிற்காமல், உழவனின் கடனையும் மண்ணின் உயிரையும் சேர்த்தே பேசினார். வெண்டைக்கும் கத்தரிக்கும் நாம் கொடுக்கிற கூடுதல் பணத்தில் ஒரு பங்கு, நம் வயிற்றுக்காக மட்டும் அன்றி அந்த முதுகுக்காகவும் கொடுக்கப்படுகிறது என்று எண்ணினால், கணக்கு வேறு விதமாகத் தோன்றும்.

ஆகவே ஒரு சராசரிக் குடும்பத்துக்கு நான் சொல்லத் துணிகிற வரிசை இது: முதலில் கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா, கீரை, பச்சை மிளகாய், அதற்கு மேலும் பணம் மிஞ்சினால் வெண்டை, கத்தரி, காலிபிளவர், பருவத்தில் திராட்சை, மற்றவற்றைச் சந்தையிலேயே வாங்கி, நன்றாகக் கழுவித் தோல் நீக்கிக்கொள்ளலாம். உழவர் சந்தையில் விளைவித்தவரே எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்பதற்குச் செலவு எதுவும் இல்லை. பல பேர் கேட்கத் தொடங்கினால், காத்திருப்புக் காலத்தைக் காப்பவருக்கு அது ஒரு வியாபார லாபமாகவே முடியும். எது எப்படியானாலும், மருந்துக்கு அஞ்சிக் காய்கறியைக் குறைத்துக்கொள்வது மட்டும் கூடாது. ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் காயும் பழமும் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் பரிந்துரை. நம்மில் பெரும்பாலோர் அந்த அளவை எட்டுவதே இல்லை. இயற்கை விளைபொருள் என்று தேடித்தேடி அரைக்கால் கிலோ வாங்கி நால்வர் பகிர்ந்துகொள்வதைவிட, சந்தைக் காயைக் கழுவி வயிறார உண்பதே தேகத்துக்கு அதிக நன்மை செய்யும்.